ஸ்டோரேஜுக்கு இரண்டு கேபிள்: பாண்டிங்கா, மல்டிபாத்தா?

லினக்ஸ் சர்வரில் ஸ்டோரேஜுக்கென்று இரண்டு 10 ஜிகாபிட் போர்ட் கிடைத்தால் போதும், பலரும் யோசிக்காமல் இரண்டையும் பாண்ட் பண்ணி (ஒரே இணைப்பாகச் சேர்த்து), சுவிட்சில் எல்ஏசிபி (இந்தச் சேர்க்கையை சர்வரும் சுவிட்சும் பேசி ஒத்துக்கொள்ளும் முறை) போட்டுவிட்டு, 20 ஜிகாபிட் வந்துவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்கள். எத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் பார்த்தால் 20000 என்றுதான் காட்டும். ஆனால் ஒரு டிசிபி இணைப்பு எப்போதும் ஏதாவது ஒரு கேபிளில்தான் ஓடும். ஐஸ்கசி (iSCSI, தொலைவிலுள்ள டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க் போலத் தரும் முறை) செஷன் ஒன்றே ஒன்று என்றால் இன்னொரு கேபிள் சும்மா கிடக்கும்.

ஐஸ்கசிக்கு என் ஓட்டு மல்டிபாத்துக்குத்தான், அதாவது ஒரே டிஸ்க்குக்கு இரண்டு தனிப் பாதை வைப்பது. ஒரு போர்ட்டுக்கு 10.10.1.x, இன்னொன்றுக்கு 10.10.2.x என்று தனித்தனி சப்நெட், இரண்டிலும் கேட்வே வேண்டாம், ஒவ்வொன்றிலிருந்தும் 3260 போர்ட்டுக்கு ஒரு லாகின். ஒரே லன் (LUN, ஸ்டோரேஜ் தரும் டிஸ்க்) இரண்டு டிஸ்க்காகத் தெரியும், மல்டிபாத் அதை ஒன்றாக்கித் தரும், அதை மட்டும்தான் மவுண்ட் பண்ண வேண்டும். இரண்டு ஐபியையும் ஒரே சப்நெட்டில் வைத்தால், லினக்ஸ் எந்த ஐபிக்கான ஏஆர்பி கேள்விக்கும் (இந்த ஐபி எந்தக் கார்டில் என்று கேட்பது) எந்தக் கார்டிலிருந்தும் பதில் சொல்லிவிடும், டிராஃபிக் ஒரே பக்கம் குவியும்.

வேகத்தைவிட முக்கியமானது, பாதை செத்ததை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பது. சாதாரண பாண்டிங் தன் போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், எல்ஏசிபி பக்கத்து சுவிட்ச் வரை பேசும், அவ்வளவுதான். சுவிட்சுக்கு அந்தப் பக்கம் ஸ்டோரேஜின் கண்ட்ரோலர் போனால் இரண்டுக்கும் தெரியாது. மல்டிபாத் அந்த லன்னையே கேட்டுப் பார்க்கும். அப்புறம், எல்ஏசிபியை இரண்டு சுவிட்சில் பிரித்துப் போட ஸ்டாக்கோ எம்லாகோ (இரண்டு சுவிட்சை ஒன்றுபோல நடக்க வைக்கும் வசதிகள்) வேண்டும். மல்டிபாத்துக்கு ஒன்றையொன்று அறியாத இரண்டு சாதா சுவிட்ச் போதும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: லினக்ஸின் ஐஸ்கசி மென்பொருளான ஓப்பன்-ஐஸ்கசியின் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த செஷன் திரும்ப வருமா என்று காத்திருக்கும் நேரம்) வழக்கமாக 120 விநாடி. அப்படியே விட்டால் கேபிள் போனதும் டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் உறைந்து நிற்கும், 5 விநாடி அளவுக்குக் குறையுங்கள்.

என்எஃப்எஸ் (டிஸ்க்குக்குப் பதில் ஃபைல்களையே நெட்வொர்க்கில் பகிரும் முறை) என்றால் கதை தலைகீழ். மவுண்ட் ஒரு ஐபியை நம்பி நிற்பதால் பாண்டிங்தான் சரி. வேகம் வேண்டுமென்றால், 5.3 கர்னலில் வந்த என்கனெக்ட் ஆப்ஷன் ஒரே சர்வருக்கு 16 இணைப்பு வரை திறக்கும், பாண்டின் ஹேஷ் பாலிசியை (எந்த இணைப்பு எந்தக் கேபிளில் என்ற விதி) லேயர் 3+4-க்கு, அதாவது ஐபியோடு போர்ட் எண்ணையும் பார்க்கும்படி மாற்றினால் அவை கேபிள்களில் பிரிந்து போகும். இது எழுதும் திசைக்கு மட்டும். படிக்கும்போது வரும் டேட்டாவை எந்தக் கேபிளில் அனுப்புவது என்பது சுவிட்சின் ஹேஷ் கையில், அதையும் பாருங்கள்.

பல சர்வர்கள் ஒரே ஃபைல்களைத் தொடும் இடத்தில் பேச்சே இல்லை, என்எஃப்எஸ்தான். ஒரே லன்னில் இருக்கும் இஎக்ஸ்டி4-ஐ இரண்டு சர்வரில் எழுதும்படி மவுண்ட் பண்ணினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும்.

எதை எடுத்தாலும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தால், துண்டாக்காதே என்று சொல்லி 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போகவில்லை என்றால் பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு போர்ட் இன்னும் 1500-லேயே நிற்கிறது.