மைனருக்கும் ஜூனியருக்கும் நடுவே ஒரு லீக்: எந்த வடிவம் தேறும்?

பதினைந்து வயது வரை கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுவதில் பெரிய குழப்பம் எதுவும் கிடையாது. பணம் செலவாகும், விடியுமுன் எழுந்து பிள்ளையை ரிங்க்குக்கு அழைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். மைனர் ஹாக்கி என்ற இந்தக் கட்டத்தை நடத்த ஊர்ச் சங்கம் இருக்கிறது, கூட ஆடுவதற்குச் சம வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஜூனியர் ஹாக்கி 16 முதல் 20 வயது வரையிலானவர்களுக்கானது. நேற்று வரை தன் வயதுப் பையன்களோடு ஆடியவன் இன்று ரிங்க்கின் ஓரப் பலகையருகே பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டைத் துரத்திப் போனால், தாடி மழித்த முகத்தோடு இருபது வயது இளைஞன் ஒருவன் தோளால் இடிக்க வருகிறான்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு லீக் வேண்டும் என்ற பேச்சு கனடாவின் மாகாணங்களில் வெகுகாலமாக உண்டு. சில மாகாணங்கள் செய்தும் பார்த்துவிட்டன. எந்த வடிவத்தில் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

முதலில் இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். ஜூனியர் ஹாக்கியின் மேல்மட்டமான கனடியன் ஹாக்கி லீக், அதாவது சிஎச்எல், மூன்று லீக்குகளின் கூட்டு: ஒன்டாரியோ லீக், வெஸ்டர்ன் லீக், கியூபெக் லீக். வெஸ்டர்ன் லீக் தன் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களின் உரிமையைப் பெறும் தேர்வில்) அந்த ஆண்டு பதினைந்தை எட்டும் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அவர்கள் முழுப் பருவம் ஆடுவதற்குப் பதினாறு ஆக வேண்டும். விதிவிலக்கு பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 2005இல் ஜான் டவாரெஸ் ஒன்டாரியோ லீக்கில் முதலாவதாக அதைப் பெற்றார். மேற்கில் 2020இல் கானர் பெடார்ட் முதலாமவர். மற்ற எல்லோரும் தேர்வானபின் ஓராண்டை வேறெங்கோ கழிக்க வேண்டும். ஒன்டாரியோவில் கதை வேறு. பதினாறை எட்டும் ஆண்டில்தான் டிராஃப்ட். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காக ஆள் தேடுகிறவர்கள், அந்த வயதுப் பிரிவைச் சுற்றியே இருப்பார்கள். டிராஃப்டில் பெயர் வராத பையன் அடுத்த ஆண்டு 18 வயதுக்குட்பட்டோர் டிரிபிள் ஏ (அந்த வயதின் மேல்தட்டுப் பிரிவு) அணிக்குப் போனால், அதே ஸ்கவுட்டுகள் பக்கத்து ரிங்க்கில் அவனைவிட ஒரு வயது இளையவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எந்த வடிவத்தையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: டிராஃப்டில் எவரும் எடுக்காத, மூன்றாம் வரிசையில் (மாறி மாறிப் பனியில் இறங்கும் குழுக்களில் மூன்றாவதில்) ஆடுகிற பதினாறு வயதுப் பையனுக்கு அது என்ன தரும்? முதல் சுற்றில் தேர்வானவனுக்குப் புதிய லீக் தேவையில்லை. அவனுக்கான வழியை மற்றவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ மாஞ்சியபானே ஒன்டாரியோ லீக் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். பிறகு பாரி கோல்ட்ஸ் அணிக்குள் நுழைந்து, 2015இல் வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில் ஆறாம் சுற்றில் கால்கரி அணிக்குத் தேர்வானார். உடல் தாமதமாக வளர்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜனவரி முதல் நாளை வயதுக் கணக்கின் எல்லையாக வைத்திருப்பதால் டிசம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவனோடு போட்டியிடுகிறான். இளையோர் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985லேயே எழுதிக் காட்டினார். இந்தப் பையன்கள் ஒதுங்கிப்போவதற்குள் இன்னும் ஓரிரு ஆண்டு அவகாசம் தருவதுதான் நடு லீக்கின் உண்மையான வேலை.

மண்டல அணிகள்

மாகாணத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் அணி, எல்லா அணிகளும் மாகாணச் சங்கத்தின் கீழ். கியூபெக் 1976இல் தொடங்கிய டிரிபிள் ஏ லீக் இந்த வகைக்கு மூத்தது. மரியோ லெமியூ அதில் ஆடித்தான் ஜூனியருக்குப் போனார். பிரிட்டிஷ் கொலம்பியா 2004இல் தன் லீக்கைத் தொடங்கியது. ரையன் நியூஜென்ட் ஹாப்கின்ஸ், மாத்யூ பார்ஸல் போன்றவர்கள் அந்த வழியாக வந்தவர்கள்.

இதன் பலம் எளிமையானது. பையன் தன் வயதுக்காரர்களோடு, தன் பகுதியில், நிறைய நேரம் பனியில் இருக்கிறான். ஜூனியர் அணியின் நான்காம் வரிசையில் ஓர் ஆட்டத்துக்கு ஆறேழு நிமிடம் கிடைத்தால் பெரிது; இங்கே அவனே எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயிலும் ஆடுவான், தன் அணிக்கு ஆள் குறைந்த நிலையில் தடுக்கவும் இறங்குவான். பதினாறு வயதில் தவறு செய்து, அடுத்த ஷிஃப்டிலேயே அதைத் திருத்த வாய்ப்புக் கிடைப்பதற்கு ஈடாக எந்தப் பயிற்சி முகாமும் வராது.

பலவீனம் நிலப்பரப்பு. பிரின்ஸ் ஜார்ஜ் நகரின் காரிபூ கூகர்ஸ் அணி வான்கூவர் பகுதிக்கு வந்து ஆட ஏறத்தாழ 780 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பாதிப் பள்ளியோடு கிளம்பி, பனி மூடிய மலைப்பாதையைக் கடந்து, வார இறுதியில் இரண்டு ஆட்டம் ஆடி, ஞாயிறு நள்ளிரவுக்குப் பிறகு வீடு சேர்ந்தால் திங்கள் காலை கணிதத் தேர்வு காத்திருக்கும். வான்கூவர் பையனுக்கோ பாதி ஆட்டங்கள் அரை மணி தூரத்தில். ஒரே லீக், ஒரே சீருடைச் செலவு. ஆனால் இருவர் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

இன்னொன்று வயது வரம்பு. 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மூன்று பிறந்த ஆண்டுகள் கலந்திருக்கும். பத்து அணி, அணிக்கு இருபது பேர் என்றால் மாகாணம் முழுவதற்கும் இருநூறு இடம். வெற்றியை விரும்பும் பயிற்சியாளர் அதில் பெரும்பகுதியைப் பதினேழு வயதுக்காரர்களால் நிரப்பிவிடுவார். நடு லீக்கின் வாசலிலேயே இளையவன் நின்றுவிடுகிறான். இதை விதியால் மட்டுமே தடுக்க முடியும். பயிற்சியாளரின் நல்ல மனதை நம்பி விடக்கூடாது.

அகாடமி லீக்

பள்ளியையும் ஹாக்கியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது இரண்டாவது வழி. மேற்குக் கனடாவில் 2009இல் தொடங்கிய கனடியன் ஸ்போர்ட் ஸ்கூல் ஹாக்கி லீக் இதன் முகம். காலை வகுப்பு, பிற்பகல் பனி, மாலை உடற்பயிற்சி. பெடார்ட் வெஸ்டர்ன் லீக்கின் ரெஜினா பாட்ஸ் அணிக்குப் போகுமுன் வெஸ்ட் வான் அகாடமிக்காக ஆடியது இந்த லீக்கில்தான். பயிற்சியின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. வாரம் முழுக்க பனி கிடைக்கிறது. பயணத்துக்குத் தக்கபடி பாட அட்டவணை மாறுகிறது. திங்கள் காலைத் தேர்வு என்ற தொல்லையே இல்லை.

பிறகு கட்டணச் சீட்டு வருகிறது. பள்ளிக் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர். வீட்டை மறு அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்புவது பற்றிப் பெற்றோர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற நிலை எனக்கு ஒவ்வாதது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அகாடமிக்குப் பிள்ளைதான் வருமானம். இடத்தை நிரப்பியாக வேண்டிய நிறுவனம் ஒரு பையனிடம் "உனக்கு இது தேறாது" என்று எப்போது சொல்லும்? கட்டணம் கட்டுகிறவரை நம்பிக்கை ஊட்டப்படும். நான் வைத்த அளவுகோலில் மூன்றாம் வரிசைப் பையனுக்கு இங்கே நல்ல பயிற்சியும் உண்டு, நேரமும் உண்டு. நேர்மையான மதிப்பீடு கிடைப்பதுதான் அரிது.

கியூபெக் இதற்கு நடுவழி கண்டிருக்கிறது. அங்கே மண்டல அணிகளில் பல பள்ளிகளோடு இணைந்தவை; செமினேர் செயின்ட் பிரான்சுவா பள்ளியின் பெயரைத் தாங்கிய பிளிசார்ட் அணி ஓர் எடுத்துக்காட்டு. லீக் மாகாண அமைப்பின் கையில், வகுப்பறை பள்ளியின் கையில். இரண்டையும் ஒரே முதலாளி வைத்திருக்காதது பெரிய வித்தியாசம்.

ஜூனியர் கிளப்புகளே நடத்தினால்?

சுவீடனில் கிளப்புக்குள்ளேயே பதினெட்டு வயது அணி, இருபது வயது அணி என்று வரிசையாக இருக்கும். அதைக் கண்டு கனடாவிலும் ஜூனியர் கிளப் ஒவ்வொன்றும் தன் இளையோர் அணியை வளர்க்கட்டும் என்கிறவர்கள் உண்டு. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது: ஒரே ஆட்டமுறை, ஒரே பயிற்சியாளர் குழு, மேலே இடம் காலியானால் கீழிருந்து அழைப்பு.

கனடாவுக்கு இது பொருந்தாது. சுவீடனில் பையன் பெரும்பாலும் தன் ஊர்க் கிளப்பிலேயே வளர்கிறான். கனடாவின் மேல்மட்ட ஜூனியரில் அவன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை டிராஃப்ட் தீர்மானிக்கிறது. வளர்த்த கிளப் ஒன்று, உரிமை வேறொரு கிளப்புக்கு என்றால் வளர்ப்பதில் யார் அக்கறை காட்டுவார்கள்? டிராஃப்டைக் கைவிடாமல் இந்த வடிவம் நிற்காது. டிராஃப்டைக் கைவிட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

இருக்கிற கீழ்மட்ட ஜூனியரைத் திறந்துவிடுவது

புதிதாக லீக் எதற்கு, சிஎச்எல்லுக்குக் கீழான படிகளாகிய ஜூனியர் ஏ, பி, சி அணிகளில் இளையவர்களுக்கு ஒதுக்கீடு வைத்தால் போதாதா என்பது நான்காவது வாதம். செலவு குறைவு, அணிகளும் அரங்குகளும் ஏற்கெனவே உள்ளன. சிறு ஊர்ப் பையன் வீட்டிலிருந்தே ஆடலாம். கேல் மக்கார் ஆல்பர்ட்டாவின் ஜூனியர் ஏ அணியான ப்ரூக்ஸ் பாண்டிட்ஸில் ஆடி, அங்கிருந்தே 2017 என்எச்எல் டிராஃப்டில் நான்காவதாகத் தேர்வானார் என்பதால் ஜூனியர் ஏ ஒன்றும் குறைந்த இடம் இல்லை.

ஆனால் இருபது வயதுக்காரனோடு மோதுகிற பிரச்சினை இங்கே தீரவில்லை, இடம்தான் மாறுகிறது. ஒதுக்கீட்டில் வந்த பதினாறு வயதுப் பையன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கதவைத் திறந்துவிடும் வேலை பார்ப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்த வாதத்துக்கு அண்மையில் புது வலு சேர்ந்திருப்பதையும் மறைக்கக்கூடாது. முன்பெல்லாம் சிஎச்எல்லில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சேர்த்துக்கொள்ளாது. அதனால் கல்லூரிக் கனவு உள்ளவர்கள் ஜூனியர் ஏ பக்கம் ஒதுங்கினார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவெடுத்தது; 2025 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனி நல்ல ஆட்டக்காரன் சிஎச்எல்லுக்குப் போவதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே நெரிசல் கூடும், பதினாறு வயதுக்காரனுக்கு இடம் சுருங்கும், ஜூனியர் ஏவில் இடம் விரியும் என்பது என் கணிப்பு. அப்படி நடந்தால் நடு லீக்கின் தேவை குறையாது. பதினேழு வயது வரை கீழே காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

என் தேர்வு

மண்டல லீக்தான், ஆனால் கியூபெக் போலப் பள்ளியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதையும் நாட்டின் ஹாக்கி நிர்வாக அமைப்பான ஹாக்கி கனடாவின் மாகாண உறுப்பினர் அமைப்பின் அனுமதியோடுதான் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஜூனியர் ஏ லீக் 2023இல் ஹாக்கி கனடாவிலிருந்து வெளியேறித் தனியே நடப்பதைப் பார்த்து நாமும் தனியாகத் தொடங்கலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அனுமதியில்லாத லீக்கில் குறிப்பிட்ட நாளுக்குப் பின்னும் ஆடுகிறவன் அந்தப் பருவம் முடியும்வரை அனுமதியுள்ள ஹாக்கிக்குத் திரும்ப முடியாது. ஜூனியர் அணிகள் திடீரென்று ஆள் தேடும் ஜனவரியில் கதவு அடைத்திருந்தால் நடு லீக்கில் நடுவே எதுவும் இல்லை.

விதிகளில் மூன்றை எழுத்தில் பார்க்காமல் நான் ஆதரிக்க மாட்டேன். ஒன்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் இளைய பிறந்த ஆண்டைச் சேர்ந்தவர்கள் குறைந்தது ஆறு பேர் சீருடை அணிந்து இறங்க வேண்டும். இரண்டு, ஜூனியர் அணி கூப்பிட்டால் விடுவிக்க மறுக்கும் உரிமை எந்த அணிக்கும் இருக்கக் கூடாது. அதே சமயம் அங்கே ஆடாமல் உட்கார வைக்கப்பட்டவன் திரும்பி வந்தால் அவன் இடம் அவனுக்கே. மூன்று, பயணச் செலவு எல்லா அணிகளுக்கும் பொது. பஸ் வாடகை, ஹோட்டல் அறை எல்லாவற்றையும் லீக் ஒரே பையில் போட்டு, மொத்தத்தை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கட்டணம் விதிக்க வேண்டும். பிரின்ஸ் ஜார்ஜ் குடும்பம் கொடுப்பதைத்தான் வான்கூவர் குடும்பமும் கொடுக்கும். முதல் பொதுக்கூட்டத்தில் மிகப் பெரிய சண்டை இந்த மூன்றாவதில்தான் வரும். பெருநகர அணிகளுக்கு வாக்கு அதிகம் என்பதால், அட்டவணை போடுமுன், அணிகளுக்குப் பெயர் வைக்குமுன் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிவிடுவது உத்தமம்.