அலாஸ்கா கப்பலுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படிக்கவும்

9,840 டாலர். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு நாளாக மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. நம்மூர்க் காசில் எட்டு லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு நாங்கள் பார்த்தது சியாட்டில் துறைமுகத்தில் ஒரு செக்-இன் கவுண்டர், அப்புறம் கப்பலின் பின்பக்கம். அவ்வளவுதான்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டல்லாஸுக்குத் திரும்பும் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இருக்கிறது, முன்னாடி மாற்ற இனி கையில் காசில்லை. அப்பாவும் அம்மாவும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும், என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகப் போடுகிறேன்.

முதலில் ஏன் அலாஸ்கா என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஊர் உடன்குடி பக்கம். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி கடற்கரைகளில் எண்பதுக்கும் மேல் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கினது ஞாபகம் இருக்கும். அம்மா போய்ப் பார்த்திருக்கிறார். மீன்பிடிக்கிறவர்கள் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டாலும் அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தனவாம். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "ஏ ஐயா, அது உசுரோட கடலுக்குள்ள கெடக்கத ஒரு தடவ பாக்கணும்யா." இந்தக் கோடையில் இருவரும் விசிட்டர் விசாவில் எங்களிடம் வந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு, மகள் இங்கே பிறந்தவள். சரி, ஒரு தடவை செய்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் பக்கத்துத் தமிழ் வாட்ஸாப் குழுவில் ஒரு டிராவல் ஏஜென்ட். கடை எல்லாம் கிடையாது, வீட்டிலிருந்தே நடத்துவது. கோயில் விழா, பொங்கல் விழா எதிலும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வேறு வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை. முதல் போனிலேயே என்னை "அண்ணா" என்றார். அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணம் என்றதும் அம்மாவுக்கென்றே தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "அம்மா, ஹவாய் பக்கம் குட்டி போட்டுட்டு, கோடைக்கு இரை தின்ன திமிங்கிலம் எல்லாம் அலாஸ்காவுக்கு வந்துரும்மா. ஜூனோவுல படகுல போனா வாலைத் தூக்கிக் காட்டும். கூட்டமாச் சேந்து கீழேருந்து குமிழி விட்டு மீனை வளைச்சுப் பிடிக்கும், வலை போடுற மாதிரி." அம்மா அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்று கணக்கில்லை. வலை என்றதும் அவருக்குச் சிரிப்பு. சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அப்படித்தான் செய்கின்றன. நான் விழுந்தது அங்கேதான். திமிங்கிலத்தைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்கிறவனுக்கு விசாவும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

விசாவைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. ஏழு இரவுப் பயணம்: சியாட்டில், அலாஸ்காவில் கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கடைசியில் கனடாவின் விக்டோரியா, திரும்பச் சியாட்டில். பட்டியலில் விக்டோரியாவைப் பார்த்ததும் கேட்டேன். "அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். கனடா விசா வேண்டாமா?"

வந்த பதில் எழுத்து எழுத்தாக என் போனில் இருக்கிறது. "அண்ணா, கப்பல் கிளம்புறதும் அமெரிக்கா, திரும்புறதும் அமெரிக்கா. விக்டோரியாவுல ராத்திரி எட்டு மணிக்கு நிக்கும், பன்னெண்டுக்குக் கிளம்பிரும். அம்மா அப்பா ரூம்லயே படுத்துக்கட்டும், இறங்க வேண்டாம். 2021ல நம்ம கஸ்டமரோட பேரண்ட்ஸ் போனாங்க, யாரும் விசா கேக்கல. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. இந்த வார்த்தைக்குத்தான் 9,840 டாலர்.

2021 கதையை இப்போது சொல்கிறேன், இந்த லாட்ஜில் உட்கார்ந்து தோண்டியதில் தெரிந்தது. 1886ல் போட்ட ஒரு சட்டம் இங்கே இன்னமும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்றிவரக் கூடாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டுக் கொடிதான். சியாட்டிலிலிருந்து கிளம்பும் அலாஸ்கா கப்பல் ராத்திரி வேளையில் விக்டோரியாவில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவது இதற்காகத்தான். கொரோனாவில் கனடா தன் துறைமுகங்களை மூடியதால், 2021ல் மட்டும் தனிச் சட்டம் போட்டு அந்த நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அந்த வருஷம் கப்பல் கனடாவுக்கே போகவில்லை, அதனால் விசா கேட்கவில்லை! ஒரு விதிவிலக்கு வருஷத்தை எல்லா வருஷத்துக்கும் பொருத்தி என் தலையில் கட்டிவிட்டார்.

பணம் கட்டிய கதைக்கு வருகிறேன். கப்பலுக்கு 8,650, ஜூனோவில் திமிங்கிலப் படகுக்கு ஐந்து பேருக்கு 940, அவருடைய சர்வீஸுக்கு 250. கூட்டினால் அதே 9,840. கிரெடிட் கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட வரும், வங்கிக் கணக்கிலிருந்து நேராக என் பேருக்குப் போட்டுவிடுங்கள் என்றார். முந்நூறு டாலரை மிச்சம் பிடிக்கிறேன் என்று போட்டுவிட்டேன். கப்பல் கம்பெனிக்கு அவர் கட்டியது தன்னுடைய கிரெடிட் கார்டில். பாயின்ட்டும் அவருக்கு, ரசீதும் அவருக்கு. புக்கிங்கில் ஈமெயில் முகவரியும் அவருடையதே. கப்பல் கம்பெனி இரண்டு தடவை "உங்கள் பயணிகளுக்கு வேண்டிய விசாவைச் சரிபாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

டிக்கெட் வந்தபோதே ஒரு சந்தேகம் தட்டியது. பனியாறு பார்க்கப் பேசியது கிளேசியர் பே தேசியப் பூங்கா, டிக்கெட்டில் இருந்தது எண்டிகாட் ஆர்ம் என்ற வேறு இடம். கேட்டதற்கு, "பேர்தான் வேறண்ணா, பனி ஒண்ணுதான்." கிளேசியர் பேக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் விடுவதில்லை, எல்லாக் கப்பலுக்கும் அந்த அனுமதி கிடைப்பதும் இல்லை. எண்டிகாட் ஆர்மிலும் டாஸ் பனியாறு இருக்கிறது, நல்ல இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சொன்னது ஒன்று, விற்றது ஒன்று என்று தெரிந்த அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். அம்மா அப்போது குரங்குத் தொப்பிகளை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மனசு வரவில்லை.

சனிக்கிழமை மதியம். பெட்டிகளில் பட்டை கட்டி வாசலிலேயே வாங்கிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லாப் பேப்பரையும் பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் மூன்று பேருடையதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் பாஸ்போர்ட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். திரும்ப ஒரு தடவை புரட்டினாள். அம்மாவுடையதையும் அப்படியே. "கனடா விசா எங்கே?"

அப்பா தனக்குத்தான் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து அமெரிக்க விசா இருக்கும் பக்கத்தை விரலால் காட்டினார். அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை.

மேலாளர் வந்தார். இறங்க மாட்டார்கள், அறையிலேயே இருப்பார்கள் என்று மன்றாடினேன். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் நுழைகிறது, விசா வேண்டிய ஆள் அது இல்லாமல் ஏற முடியாது என்று பொறுமையாகவே சொன்னார். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருப்பதாலும் மகள் அமெரிக்கக் குடிமகள் என்பதாலும் விசா தேவையில்லை, நாங்கள் மூவரும் போகலாம் என்றார்.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "அவங்களுக்கு ரூல் தெரியாதுண்ணா, வேற கவுண்டருக்குப் போங்க." வேறு கவுண்டரிலும் அதேதான். இரண்டாவது தடவை, "நான் லைன்ல பேசிட்டு ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்." அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை. பதினோரு தடவை அடித்தேன், பிறகு ரிங்கே போகவில்லை.

அப்பா சொன்னார், "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. எங்களுக்கென்ன, ஒரு ரூமப் போட்டு இருந்துக்கிடுதோம்." ஆங்கிலத்தில் தடுமாறும் எழுபது வயது மனிதரை, சர்க்கரை மாத்திரை போடும் அம்மாவோடு, தெரியாத ஊரில் ஒரு வாரம் விட்டுவிட்டு நான் திமிங்கிலம் பார்க்கப் போவதா? யாரும் ஏறவில்லை. ஏறிவிட்ட பெட்டிகளைத் திரும்ப இறக்கித் தர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றில் அம்மா ஏழு நாளைக்குச் செய்து வைத்த பருப்புப் பொடியும் முறுக்கும் கருப்பட்டியும். நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. மகள் கையசைத்தாள், பழக்கதோஷம்.

அப்புறம் நடந்தது பந்து விளையாட்டு. கப்பல் கம்பெனி: பயணி வரவில்லை என்று பதிவாகிவிட்டது, கட்டணம் திரும்பாது, துறைமுக வரி மட்டும் கட்டின கார்டுக்கே போகும். கட்டின கார்டு யாருடையது? அவருடையது. இன்ஷூரன்ஸ்: ஆவணம் இல்லாததற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஏஜென்ட் திங்கட்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பினார், அண்ணா காணாமல் போய் 'சார்' ஆகிவிட்டது. "சார், டிராவல் டாக்குமெண்ட்ஸ் பயணியோட பொறுப்புன்னு இன்வாய்ஸ்ல தெளிவா இருக்கு." போய்ப் பார்த்தேன், இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில். வரிப் பணமாவது தாருங்கள் என்றேன். "வந்தா சொல்றேன் சார்." திமிங்கிலப் படகுக்காரரிடம் நானே பேசினேன், அந்தப் பேரில் புக்கிங்கே இல்லை என்கிறார்கள்! இதைக் கேட்டதற்குப் பதிலே இல்லை, நீலக் குறி மட்டும். குழுவில் மரியாதையாகத்தான் எழுதினேன். பத்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அட்மின் அவருடைய மச்சினன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இனிமேல் இந்தப் பதிவில் 'அவர்' கிடையாது, அவன்தான்.

செவ்வாய்க்கிழமை மனசு கேட்காமல் ஒரு வண்டி வாடகைக்கு எடுத்து மவுண்ட் ரெய்னியருக்குக் கூட்டிப் போனேன். பாரடைஸ் என்ற இடத்திலிருந்து நிஸ்குவாலி பனியாறு தெரியும். அடிப்பக்கம் எல்லாம் கல்லும் மண்ணும் மூடிக் கிடந்தது. "இதுவாய்யா பனியாறு? அழுக்கால்ல கெடக்கு," என்றார் அம்மா. அன்றைக்குத்தான் எல்லாரும் கொஞ்சம் சிரித்தோம். இங்கிருந்தே ஒரு நாள் படகில் போய் ஓர்க்கா திமிங்கிலம் பார்த்து வரலாம் என்றேன். "வேண்டாம்யா, இன்னும் காசப் போடாத," என்று முடித்துவிட்டார்.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது தெம்பில்லை. சியாட்டிலிலிருந்து போகிற கப்பலில் கிரீன் கார்டு இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும், எச்1பி வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கும்தான். விண்ணப்பம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. இரண்டு பேருக்கு 370 செலவழித்திருந்தால் 9,840 தப்பியிருக்கும். பணத்தைக் கிரெடிட் கார்டில், கப்பல் கம்பெனிக்கே நேராகக் கட்டுங்கள். ஈமெயில் உங்களுடையதாக இருக்கட்டும். வாய்ஸ் மெசேஜை நம்பாதீர்கள். டெக்சாஸில் சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் வழக்குப் போடலாம், திங்கட்கிழமை அங்கேதான் போகிறேன். யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள், என்னென்ன பேப்பர் வேண்டும்?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மகள் போனில் ஏதோ ஆப் போட்டு ஆறு நாளாக அந்தக் கப்பலைத் தொடர்ந்துகொண்டிருக்கிறாள். ஜூனோவில் நின்ற அன்றைக்கு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போதுதான், "அப்பா, விக்டோரியாவுக்கு வந்திருச்சு," என்றாள். பக்கத்துக் கட்டிலில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன பேருய்யா எறங்குதாவ?"