லண்டன் ஃபிராய்டு அருங்காட்சியகம்: மாடிக்கும் ஏறிப் பாருங்கள்

வடக்கு லண்டனில், ஹாம்ப்ஸ்டெட் பகுதியின் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் தெருவில் 20ஆம் எண் வீடுதான் ஃபிராய்டு அருங்காட்சியகம். நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி 1938 ஜூனில் வியன்னாவிலிருந்து லண்டன் வந்தவர், நோயாளியை மனம்விட்டுப் பேசவைத்து மனச்சிக்கலை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு. அவர் 1939 செப்டம்பர் 23 அன்று இந்த வீட்டில்தான் காலமானார். குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வில் ஈடுபட்ட அவருடைய மகள் ஆனா 1982இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அருங்காட்சியகமாக இது 1986இல் திறக்கப்பட்டது.

கீழ்த்தளத்துப் படிப்பறையில் நோயாளிகள் படுத்துப் பேசிய கட்டில், பாரசீகக் கம்பளம் போர்த்தியபடி இருக்கிறது. அதன் தலைமாட்டில், நோயாளியின் பார்வையில் படாத இடத்தில், ஃபிராய்டின் நாற்காலி. கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் திருத்திக்கொள்ள வழியில்லாதபோது, மனத்தில் எழுவதை அப்படியே சொல்வது எளிதாகும் என்பதை இந்த அமைப்பு எந்த விளக்கமும் இன்றிப் புரியவைக்கிறது. சுற்றிலும் எகிப்திய, கிரேக்க, ரோமானியத் தொல்பொருள்கள் நிறைந்திருக்கின்றன. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம், ஃபிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு அனுப்பிய தந்த விஷ்ணு சிலையும் அவருடைய மேசையில் இடம்பெற்றிருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிந்து செல்வது நல்லது.

ஆயினும் இந்த வீட்டின் பெருமதிப்பு, என் பார்வையில், மாடியிலுள்ள ஆனாவின் அறையில்தான் இருக்கிறது. அவருடைய நெசவுத் தறியைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆனாவும் அவருடைய தோழி டோரதி பர்லிங்ஹாமும் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினார்கள். அடம்பிடித்தல், கடித்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை அவர்கள் கெட்ட பழக்கமாகக் கருதித் தண்டிக்கவில்லை. பிரிவைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் மொழியாகக் கருதி, ஒவ்வொன்றையும் நாள்தோறும் குறித்துவைத்தார்கள். பிள்ளைகளைச் சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய்போல் ஒருவரை அமர்த்தியபோது, முதலில் பொறாமையும் அழுகையும்தான் பெருகின. ஆனால் அந்தப் பற்று வேரூன்றிய பிறகு பேச்சும் கழிப்பறைப் பழக்கமும் விரைவாகத் தேறின.

1945இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்டு இங்கிலாந்து வந்த, மூன்று வயதையொட்டிய ஆறு பிள்ளைகளின் வரலாறு இன்னும் ஆழமானது. அவர்கள் பொம்மைகளை உடைத்தார்கள். பெரியவர்களை அடித்தார்கள், கடித்தார்கள், அவர்கள்மீது துப்பினார்கள். ஆனால் தங்களுக்குள் ஒருவரையொருவர் விட்டுப் பிரிய மறுத்தார்கள்; தமக்கு முன் அடுத்த பிள்ளைக்கு உணவு கிடைத்ததா என்று பார்த்தார்கள். பெற்றோரின் அன்பு அறியாத பிள்ளைகளிடமும் பாசம் வேறொரு வழியில் வளர்ந்திருந்தது என்பதை, சோஃபி டான் என்ற பராமரிப்பாளரோடு சேர்ந்து ஆனா 1951இல் எழுதி வெளியிட்டார். ஃபிராய்டின் கோட்பாடுகளில் பல இன்று கடுமையாக மறுக்கப்படுகின்றன; அந்த மறுப்புகளில் நியாயமும் உண்டு. ஆனால் தொல்லைதரும் நடத்தையைத் திருத்துவதற்கு முன் அதைக் கவனித்துக் கேட்கவேண்டும் என்ற இந்த நடைமுறையை நான் முழுமனத்துடன் மதிக்கிறேன்.

ஆசிரியர்களுக்கும், குழந்தைகள் இல்லங்களில் பணிபுரிவோருக்கும் இந்த இடத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஆனாவின் பணியைப் பற்றி முன்கூட்டியே சிறிது படித்துவிட்டுச் சென்றால் மாடி அறை இன்னும் தெளிவாகப் புலப்படும். ஃபின்ச்லி ரோடு சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நுழைவுக் கட்டணம் உண்டு; எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.