ஸ்ப்ரே ஃபோம்: ஓபன் செல்லா, குளோஸ்டு செல்லா?

ஸ்ப்ரே ஃபோம் என்பது வெப்பத்தைத் தடுக்கச் சுவரிலும் கூரையிலும் அடிக்கும் நுரை. அதன் நுண்ணறைகள் திறந்திருந்தால் ஓபன் செல், மூடியிருந்தால் குளோஸ்டு செல். இரண்டுமே ஏ, பி என்ற இரு திரவங்களைச் சம அளவில் கலந்து அடிப்பவைதான். ஓபன் செல் பல மடங்கு பொங்கி மூலைமுடுக்கெல்லாம் அடைத்துவிடும், சத்தத்தையும் உறிஞ்சும். வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர்-மதிப்பு அங்குலத்துக்குச் சுமார் 3.5தான். ஈரம் ஊடுருவும் என்பதால் நிலத்தடிச் சுவருக்கு ஆகாது.

குளோஸ்டு செல்லில் ஆர்-மதிப்பு அங்குலத்துக்கு 6 முதல் 7 வரை. இடம் குறைவென்றால் இதுதான் சரி, விலை கூடுதல். ஆனால் வழக்கமான வகையை ஒரே தடவையில் 2 அங்குலத்துக்கு மேல் அடித்தால் உள்ளே சூடு தேங்கி நடுப்பகுதி கருகும்; நாற்றம் லேசில் போகாது, தீப்பிடித்ததும் உண்டு. ஓர் அடுக்கு ஆறிய பிறகே அடுத்தது.

மரச்சட்டத்தில் ஈரம் 19 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டுமே சரியாக ஒட்டாது. ஓரங்களில் இடைவெளி விழும். ஏ மிகுந்தால் நுரை நொறுங்கும், பி மிகுந்தால் கொழகொழக்கும். ஆட்கள் புழங்கும் அறையென்றால் நுரையின் மேலே அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடான தீத்தடுப்போ கட்டாயம்.