1,750 ரூபாய் சாய்வுப் பலகையும் எங்கள் வீட்டு வாசப்படியும்

வாசப்படியில் நிற்கக் கூடாது என்று அம்மா திட்டாமல் இருந்திருந்தால் கெண்டைக்கால் பயிற்சிக்கான இந்தப் பலகையை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். வயது 43. மாதத்தில் இரண்டு ஞாயிறு கொல்லிமலைக்குப் போய், செம்மேட்டுப் பக்கம் மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதைகளில் ஓடுவேன். தார் ரோட்டில் 10 கிலோமீட்டர் ஓடினாலும் அலட்டிக்கொள்ளாத கால், அங்கே ஆறாவது கிலோமீட்டரிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிடும். போன தை மாதம் ஓட்டத்தை முடித்த கையோடு, சும்மா இருக்காமல் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கும்போது தொடை நடுங்கியது, ஏறும்போது கெண்டைக்கால் கல்லாகிப்போனது. மறுநாள் காலை எழுந்து காலை ஊன்றினால், இடது குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிற இடத்தில் சுரீர் என்றது. நாம் அதை நரம்பு என்கிறோம். உண்மையில் தசைநாண்.

சேலத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் காட்டினேன். தைலம் ஏதாவது தருவார் என்று போனவனை, சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். வலது காலில் 17 வந்தது. இடதில் 11-லேயே முட்டி மடங்கிவிட்டது. "25 வரணும் சார். நீங்க மலையில வேற ஓடுறீங்க" என்றார்.

கெண்டைக்காலில் மேலே உருண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாக ஒளிந்திருப்பது சோலியஸ். முட்டியை நீட்டிக்கொண்டு குதிகாலைத் தூக்கினால் இரண்டும் உழைக்கும். மடக்கிக்கொண்டு தூக்கினால் பளுவில் பெரும்பங்கு சோலியஸ் தலையில் விழும். ஏற்றத்தில் முட்டி மடங்கியேதானே ஓடுகிறோம். ஓடும்போது உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு வரை சோலியஸ் தாங்குகிறது என்கிறார்கள். என் எடை 72 கிலோ. கணக்கெழுதுகிறவன் என்பதால் உடனே பெருக்கிப் பார்த்தேன்: குறைந்தது 432 கிலோ!

சரி, தூக்கி இறக்க ஒரு படி வேண்டும். வாடகை வீட்டு மாடிப்படி வழவழ கிரானைட், விளிம்பில் நின்றால் வழுக்குகிறது. மிச்சம் வாசப்படிதான். பட்டறையிலிருந்து வந்து சாயங்காலம் அதில் ஏறி நின்றால், "விளக்கு வைக்கிற நேரத்துல வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிறயே, லட்சுமி எப்படிடா உள்ள வருவா?" நாலு நாள் கேட்டேன். ஐந்தாம் நாள் ஆன்லைனில் சாய்வுப் பலகைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

பிளைவுட் பலகை, இரண்டு கீல், பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை, கட்டையை மாட்ட நாலு பள்ளம். பள்ளங்களில் 15, 20, 25, 30 டிகிரி என்று அச்சடித்திருக்கிறார்கள். போனை வைத்து அளந்தேன். 25 என்று போட்டது 22 காட்டியது. அது பரவாயில்லை. ஆட்டம் இல்லை, கீலும் உறுதி. முதுகில் 15 கிலோ சுமந்து ஏறி நின்றபோதுகூடச் சத்தம் வரவில்லை. வழுக்காமல் இருக்க மேலே ஒட்டியிருந்த உப்புத்தாள் மாதிரியான கறுப்புத் தாள்தான் மானத்தை வாங்கியது. மூன்றாவது வாரமே மூலையில் கிளம்பிவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் வேர்வை படக் கூடாதாம். உடற்பயிற்சிப் பலகையில் வேர்வை படாமல் என்ன படும்? பட்டறை ஆசாரி தாளைச் சுரண்டிவிட்டு, லாரி கேபினில் விரிக்கிற ரப்பர் மேட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கொடுத்தார். கூலி ஒரு டீ.

எனக்குப் பெரிய வருத்தம் கூடவே வந்த துண்டுச்சீட்டின் மேல்தான். தினமும் 10 நிமிடம் பலகையில் நின்றாலே கெண்டைக்கால் வலுவாகும் என்று போட்டிருந்தது. நம்பி இரண்டு வாரம் நின்றேன். இறுக்கம் தளர்ந்தது, சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இடது காலில் 11 இருந்த எண்ணிக்கை 12 ஆனது, அவ்வளவுதான். நிற்பது சதையை நீட்டும். வலு வேண்டுமென்றால் எடையைத் தூக்கத்தான் வேண்டும். இன்னொன்று, தசைநாண் குதிகால் எலும்பில் வந்து ஒட்டுகிற இடத்திலேயே வலி உள்ளவர்கள் குதிகாலைத் தாழ்த்தி இப்படி இழுத்து நின்றால் வலி கூடும். அவர்கள் சமதரையில் தூக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எனக்கு வலி அதற்கு இரண்டு விரற்கடை மேலே, அதனால் தப்பித்தேன். சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம்தான் அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னபடி ஆரம்பித்தேன். பலகை 20 டிகிரியில். கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு. விரல்கள் மேல்நோக்கி வளையும்போது உள்ளங்காலில் ஓடுகிற அடிநார் இழுபட்டுப் பாதத்தின் வளைவு இறுகுகிறது, அதனால் கெண்டைக்காலோடு பாதத்துக்கும் வேலை கிடைக்கிறது. ஒற்றைக் காலில், 3 விநாடி ஏற்றம், மேலே 2 விநாடி, 3 விநாடி இறக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாதிச் சுற்று முட்டியை நீட்டி, பாதி மடக்கி. பையனுடைய பழைய ஸ்கூல் பையில் அரிசி கட்டி முதுகில் மாட்டிக்கொண்டேன். முதலில் 5 கிலோ, பிறகு 10, கடைசியில் 15. ஐந்தாவது வாரம் பை வார் தையல் விட்டு ஹாலெல்லாம் பொன்னி அரிசி. லட்சுமியே இறைந்துவிட்டாள், அம்மா சொல்ல வேறென்ன இருக்கிறது.

பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளுக்குப் பலகை பெரிதாக எதுவும் செய்யாது. அதற்கு வெறுந்தரை போதும். நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை மடக்காமல், பெருவிரல் அடிமேட்டை மட்டும் குதிகாலை நோக்கி இழுக்க வேண்டும். பாதம் அரை விரல் அளவு குட்டையாகி, நடுவில் வளைவு எழும்பும். முதல் வாரம் எனக்கு ஒன்றுமே அசையவில்லை, புருவம்தான் அசைந்தது. இப்போது பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றபடியே வருகிறது. பலகையின் மேல் இறக்கத்தைப் பார்த்து நின்று, முட்டியை மெதுவாக மடக்கி உட்கார்ந்து எழுவது தொடைக்கு அருமையான வேலை. மலை இறங்குகிறவர்களுக்கு அது ஒன்றுக்காகவே பலகை வைத்திருக்கலாம்.

12 வாரம் கழித்து வலது 27, இடது 23. ஆகாய கங்கைப் படிகளை மறுபடியும் ஏறினேன். மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் கல்லாகவில்லை. காலையில் முதல் பத்தடி இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது.

பலகைக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். விளிம்பு சொரசொரப்பான நல்ல படியும், அதில் நின்றால் திட்டாத அம்மாவும் இருந்தால் வாங்க வேண்டாம். வாங்குவதென்றால் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு 10 நம்பர் செருப்பு. விரலடியில் துண்டையும் வைத்தால் குதிகால் கீழ் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் வெளியே நிற்கிறது.