தாண்டிக்குடி காப்பித் தோட்டத்து மரவீடு: ஒரு தச்சன் பார்வையில்

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்பக்கம் குளியலறை உள்ள மரவீடு. ஒரு இரவுக்கு 5,500 ரூபாய். சாப்பாடு தனி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 600. இதற்கு மேல் புக்கிங் தளம் ஒரு சேவைக் கட்டணத்தையும் போட்டுத் தீட்டியது. இந்தக் காசுக்குக் கொடைக்கானல் ஏரிப் பக்கம் டிவி, கீசர் எல்லாம் உள்ள அறையே கிடைக்கும். நாங்கள் போனது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், தனியார் காப்பித் தோட்டம் ஒன்றுக்கு. இடத்தின் பெயரைப் போடவில்லை. குறைகள் கொஞ்சம் தாராளமாகவே சொல்லப்போகிறேன், தோட்டத்து ஆட்களோ தங்கமான ஆட்கள்.

எனக்கு மதுரையில் மரப் பட்டறை. கதவு, நிலை, ஜன்னல், கட்டில் என்று பிழைப்பே மரத்தோடுதான். அதனால் என் மச்சான் "முழுக்க மரத்தால் ஆன கேபின்" என்று படம் அனுப்பியபோது வீட்டில் எல்லோரும் பனியைப் பார்த்தார்கள், நான் பலகையைப் பார்த்தேன். படத்தில் பலகை அழகாகத்தான் இருந்தது.

வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு தாண்டி மலை ஏறினால் பெரும்பாறை, அப்புறம் தாண்டிக்குடி. கொடைக்கானல் ரோட்டில் ஊத்து வரை போய்ப் பண்ணைக்காடு வழியாகவும் வரலாம். சித்தரேவு வழி குறுகல், வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும், ஆனால் சீசன் கூட்டம் கிடையாது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் மண் பாதை. அதில் ஜீப் போகும், நம் சின்னக் கார் போகாது. காரை மேலேயே மெஷின் கொட்டகைப் பக்கம் நிறுத்திவிட்டு, மரவீட்டுக்குச் சரிவில் நடந்து இறங்க வேண்டும். கல் படிகள் ஒன்றுக்கொன்று உயரம் சேராது, கைப்பிடி இல்லை. எழுபதைத் தாண்டிய என் அம்மா, தோட்டத்து வேலையையும் விருந்தினரையும் கவனிக்கும் மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "தம்பி, நீ இல்லாட்டி நான் காருலயேதான் படுத்திருக்கணும்" என்று அவரிடம் சொன்னார். இந்தப் படிகளைப் பற்றிப் புக்கிங் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முன்னாடியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். சுவர் முழுக்க சில்வர் ஓக் பலகை. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் தோட்டம் தோட்டமாக நட்டிருக்கிறார்களே, அதே மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, சீக்கிரம் வளரும், பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் லாரி லாரியாகப் போகும். சொந்தத் தோட்டத்து மரம் என்றாலும் மலைப் பகுதியில் நினைத்தபடி வெட்ட முடியாது, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்கி, வெட்டி, அறுத்து, சொந்த மரத்தில் வீடு கட்டியது நல்ல விஷயம்தான். காயவைக்காமல் அடித்ததுதான் கோளாறு.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. பலகைகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம் வைத்துக் காற்று போகிற மாதிரி அடுக்க வேண்டும். இங்கே பச்சைப் பலகையை அறுத்த கையோடு ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கவைத்து, இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்துவிட்டார்கள். பலகை காயக் காயச் சுருங்கும். இரண்டு ஓரமும் ஆணியில் மாட்டியிருக்கும்போது அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும், இல்லாவிட்டால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு குழியும். படுக்கையறைச் சுவரில் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, ஒன்றின் விளிம்பு அடுத்ததின் காடிக்குள் உட்காரும்படி செய்திருந்தால் கொஞ்சம் சுருங்கினாலும் வெளிச்சம் தெரியாது. கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் முன்வாசல் நிலை ஒன்று இருக்கிறது பாருங்கள், அசல் தேக்கு. செட்டிநாட்டுப் பக்கம் இடித்த வீட்டில் வாங்கினதாம். மூலையில் ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கிய கழுந்து அடுத்த சட்டத்தின் துளைக்குள் போய் உட்கார்ந்து, குறுக்கே மரமுளை அடித்திருக்கிறது. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. நூறு வருஷத்துக்குக் குறையாது. அதைச் செய்தவன் கையைப் பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றதால் மற்றவர்கள் பெட்டியோடு வெளியே குளிரில் நிற்க வேண்டியதாயிற்று.

குளியலறைக் கதவு புதுசு, தரையில் தேய்த்துக்கொண்டே வந்தது. அம்மாவால் அதைத் திறக்க முடியவில்லை. மேஸ்திரியிடம் இழைப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். எங்கிருந்தோ துருப்பிடித்த ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கல்லில் தீட்டி, கதவைக் கீலிலிருந்து கழற்றி, அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுத்து மாட்டினேன். "லீவு போட்டுட்டு வந்தும் இதே வேலையா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி உரிமையாளருக்குச் செய்தி போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஜனவரிக் கடைசி என்பதால் குளிர் நன்றாகவே இருந்தது. படத்தில் போட்டிருந்த கணப்பு அடுப்பு அழகுக்கு மட்டும்தான், மூட்டினால் புகை முழுக்க அறைக்குள்தான் வரும் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். கம்பளி கூடுதலாகக் கேட்டால் தருகிறார்கள். வெந்நீருக்கு வெளியே விறகு பாய்லர். காலையில் அதைப் பற்றவைத்துவிட்டுத்தான் அவர் தோட்டத்துக்குப் போவார், குளிக்கக் குளிக்கக் கொதிக்கக் கொதிக்க வரும். கீசரெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. குடிக்க, குளிக்க எல்லாம் மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீர். மின்சாரம் அடிக்கடி போகிறது, திண்ணையில் ஒரு சோலார் விளக்கு உண்டு. போன் சிக்னல் மெஷின் கொட்டகைக்கு ஏறினால்தான் கிடைக்கும். என் மகன் ஒரு பொழுது முனகினான், அப்புறம் விட்டுவிட்டான்.

இப்போது ஒரு பெரிய மனக்குறை. காப்பித் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம், கை நீட்டினால் காப்பிச் செடி. வந்திறங்கியதும் கொடுத்ததோ பாக்கெட்டைக் கிழித்துக் கலக்கிய உடனடிக் காப்பி! கோபத்தோடு கேட்டேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பறித்த பழத்தை அன்றன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோலை எடுக்கிறார்கள். கொட்டையின் மேல் இருக்கும் கொழகொழப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்தால் மேலே ஒரு மெல்லிய ஓட்டோடு நிற்கும். பார்ச்மென்ட் என்கிறார்கள். அதைச் சாக்கில் கட்டிக் கீழே பட்டிவீரன்பட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். ஓட்டை உடைத்து, தரம் பிரிப்பதெல்லாம் அங்கே இருக்கும் க்யூரிங் ஆலைகளில். வறுத்துப் பொடியாக்கிக் குடிக்கிற வழக்கம் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. விளைகிற இடத்தில் காப்பித் தூள் இல்லாததற்கு இதுதான் காரணம்.

சொல்லி வாய் மூடவில்லை, மறுநாள் காலையில் மேஸ்திரியின் மனைவி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். ஒரு கைப்பிடி பார்ச்மென்ட்டை உரலில் லேசாக இடித்துப் புடைத்து, பச்சைக் கொட்டையை வறுத்தார். முதலில் வைக்கோல் வாசம்தான் வந்தது. கொட்டை படபடவென்று வெடிக்க ஆரம்பித்த பிறகுதான் காப்பி வாசம். இறக்கி, முறத்தில் ஆறவிட்டு, மறுபடி இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துணியில் வடிகட்டிக் கருப்பட்டி சேர்த்துக் கொடுத்தார். சிக்கரி கிடையாது, பால் கிடையாது. என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "கசாயம்" என்று ஒதுக்கிவிட்டார். நான் மூன்று தம்ளர் குடித்தேன். இதைப் புக்கிங் பக்கத்தில் போட்டுத் தனிக் காசே வாங்கலாம். உரிமையாளருக்கு இது தோன்றவே இல்லை.

தோட்டத்துக்குள் நடப்பதுதான் இந்த இடத்தின் உயிர். சில்வர் ஓக்குக்கும் பலாவுக்கும் கீழே காப்பி, நடுநடுவே மலைவாழை, மரமெல்லாம் மிளகு. விருப்பாச்சி வாழை என்று பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன வாழை இந்த மலைக்காரன்தான். முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்துபோனது, இப்போது மறுபடி வைக்கிறார்கள். திண்ணையில் ஒரு தார் தொங்குகிறது, யாரும் பிய்த்துக்கொள்ளலாம். தோலில் கறுப்பு தட்டின பழமாக எடுங்கள், அதுதான் ருசி. தலைக்கு மேலே மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவும்போது மிளகுக் கொடியெல்லாம் ஆடும்.

சாயங்காலம் எல்லை வேலிப் பக்கம் காட்டுமாடு நின்றது. மகன் செல்போன் லைட்டைத் தூக்கினான். மேஸ்திரி கையை அமுக்கிவிட்டார். "தம்பி, மூஞ்சில வெளிச்சம் அடிக்காத. நம்ம நின்னா அது போயிரும்." நின்றோம். அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சௌசௌ பந்தலுக்குள் புகுந்து நிதானமாகத் தின்றுவிட்டுத்தான் போனது. அந்தப் பந்தல் மேஸ்திரியின் சொந்தப் பந்தல். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறைக் காடு. அங்கே கூட்டிப்போகச் சொல்லி மகன் கெஞ்சினான், மேஸ்திரி கண்டிப்பாக மறுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்துக்கே இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் "காட்டுக்குள் ட்ரெக்கிங், ராத்திரி சஃபாரி" என்று கேபின்காரர்கள் விளம்பரம் போடுகிறார்கள். பட்டா நிலத்துக்குள் நடப்பது வேறு, அனுமதியில்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் போவது வேறு. அப்படி ஆசை காட்டுகிற இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். தங்கும் இடமாக நடத்த உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதற்கே கோபப்பட்டால் அந்தக் கோபமே பதில்.

தாண்டிக்குடியில் முருகன் கோயில் இருக்கிறது, அம்மாவுக்காகப் போனோம். ஊரைச் சுற்றிக் கல்திட்டைகளும் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு மூடுகல், சாந்து கிடையாது, ஒன்றின் பாரம் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின மூட்டு இன்னும் அசையவில்லை, எங்கள் மரவீட்டின் மூட்டைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேனே. சில இடங்களில் கல்லின் மேல் பெயிண்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினவன் கையில் இழைப்புளியை வைத்துத்தான் பேச வேண்டும்.

சாப்பாடு 600-க்கு நியாயம். பட்டர் பீன்ஸ் குழம்பு, சௌசௌ கூட்டு, மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசம். சொல்லிவைத்தால் நாட்டுக்கோழியில் தோட்டத்து மிளகை அரைத்துப் போடுகிறார்கள், அதற்குத் தனிக் காசு. என் மனைவி "அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று அடுக்களைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த 600-இல் சமைக்கிறவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன், மேஸ்திரி பேச்சை மாற்றிவிட்டார். கிளம்பும்போது கையில் கொடுத்துவிட்டு வந்தோம். போகிறவர்கள் நீங்களும் கொடுங்கள், தளத்தில் கட்டுகிற பணம் அடுக்களை வரை வருவதாகத் தெரியவில்லை.

கட்டடமாக மட்டும் பார்த்தால் அந்த வீட்டுக்கு 1,500-க்கு மேல் கொடுக்க மாட்டேன். மீதி 4,000 அந்த நிலத்துக்கும், பாய்லருக்கு விறகு வைக்கிற ஆளுக்கும். அந்தக் கணக்கில் எனக்கு நஷ்டம் இல்லை. சுவரை இழைத்துக் காடி எடுத்து மாற்றித்தர உரிமையாளரிடம் ஒரு விலையும் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

போகிறதானால் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், அட்டை காலைவிட்டு இறங்காது. பழம் எடுப்பு பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்து சில நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசம் அடிக்கும் என்றார் மேஸ்திரி. ஆனால் மழை விழுவதை வைத்துத்தான் பூ. முன்கூட்டியே தேதி சொல்லிப் புக் செய்ய முடியாது. அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், மழை விழுந்தால் கூப்பிடுவார்.