கீழக்கரையிலிருந்து ஓர் ஏசி எச்சரிக்கை: "கேஸ் இல்லை" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

"ஏசியில் கேஸ் இல்லை காக்கா." (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.) இந்த ஒரு வரிக்காக எங்கள் வீட்டில் 9,000 ரூபாய் போயிருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் அடுத்த கோடைக்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது. ஏசி பார்க்க வந்த ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. ஒருவரை ஒதுக்கினால் அதே வேலையைச் செய்ய இன்னொருவர் வருவார்.

2022இல் உம்மாவின் அறைக்கு ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி வாங்கினோம். அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் கடலைப் பார்த்து வைத்தார்கள். அங்கே நின்றால் காற்று நன்றாக வரும், அதனால் அதுதான் சரியான இடம் என்று நானும் நினைத்தேன். ஒரே வருடத்தில் இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்து உதிர ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோதே பக்கத்தில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் கதி என்ன என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2024 மார்ச், நோன்பு நேரம். ஏசி ஓடுகிறது, குளிர் இல்லை. கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தால் ஐந்து நாள் ஆகும் என்றார்கள். உம்மா நோன்போடு வியர்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துத் தெருக்காரர் கொடுத்த நம்பரில் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார், முள் 130 பிஎஸ்ஐ காட்டியது. "ஆர்-32க்கு 150 இருக்கணும். கேஸ் இறங்கிடுச்சு" என்றார். ஆர்-32 என்பது எங்கள் ஏசியில் இருக்கும் கேஸின் பெயர். லேபிள் கிழிந்த ஒரு சிலிண்டரிலிருந்து ஏற்றினார். எடை மெஷின் எதுவும் இல்லை, கேஜ் முள்தான் கணக்கு. வாயில் பீடி வேறு. கிளம்பும்போது, "வந்ததுக்கு ஒரு சர்வீஸும் பண்ணிடறேன்" என்று போர் தண்ணீர் ஹோஸைப் பிடித்து அவுட்டோரைக் கழுவிவிட்டார். 2,800 ரூபாய். அன்று இரவு அறை ஜில்லென்று ஆனது. கைராசிக்காரர் என்று நானே நான்கு பேருக்கு அவர் நம்பரைக் கொடுத்தேன். அந்த நான்கு பேரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பரில் அதே கதை. மறுபடி கேஸ், 3,200 ரூபாய். இந்த முறை கழுவவில்லை, குளிரும் பெரிதாக வரவில்லை. "ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றார். அது செட் ஆகவே இல்லை. இரவில் சுமாராகக் குளிரும், மதியம் வெயில் ஏறினால் அவுட்டோர் உறுமிவிட்டு நின்றுவிடும், அரை மணி கழித்துத் தானாக ஓடும். 2025 மே மாதம் மூன்றாவது முறை வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, 16,500 ஆகும் என்றார். அட்வான்ஸ் 5,000 கொடுத்தேன். அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

ஹஜ் பெருநாள் லீவில் என் மச்சான் ஊருக்கு வந்தார். துபாயில் பல வருடமாக ஏசி வேலை, இப்போது ஃபோர்மேன். நான் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே, "மச்சான், இது என்ன பெட்ரோலா, ஓடினா தீர்றதுக்கு?" என்று சிரித்தார். விஷயமே அதுதான். ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. உள்ளே காயிலில் (சுருள் குழாயில்) கொதித்து வெப்பத்தை வாங்கும், வெளியே காயிலில் திரவமாகி வெப்பத்தை விடும். எத்தனை வருடம் ஓடினாலும் அது செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவர் அடுத்த வருடமும் வருவார்.

நம் பக்கத்து ஐஸ் பிளான்டுகளில் அமோனியா ஓடுகிறது. கொஞ்சம் கசிந்தாலும் மூக்கு எரிந்து தெருவே ஓடும். வீட்டு ஏசியின் ஆர்-32 மூக்குக்கு அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம். ஓரளவு தீப்பற்றவும் கூடிய வாயு அது. பீடியோடு ஏற்றினார் என்றதும் மச்சானுக்குச் சிரிப்பு போய்விட்டது.

அவர் கேஜைத் தொடவே இல்லை. முதலில் அவுட்டோர் காற்றை வெளியே தள்ளும் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். காற்று மெலிதாக, நெருப்பாக வந்தது. பின்பக்கம் டார்ச் அடித்தால் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்துப்போய் உப்பும் தூசியும் கெட்டியாக அடைத்திருந்தது. வெளியே விட வேண்டிய வெப்பத்தை விட முடியாவிட்டால் உள்ளே குளிராது. வீட்டுக்காரன் பார்வைக்கு, கேஸ் குறைந்தாலும் உப்பு அடைத்தாலும் குறை ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் தடவை அறை குளிர்ந்தது கேஸால் இல்லை, ஓசியில் கழுவிவிட்டாரே, அதனால். கழுவியதும் போர் தண்ணீரில். நம்மூர் போர் தண்ணீர் நாக்கில் வைத்தாலே தெரியும். "உப்பைக் கழுவ உப்புத் தண்ணியா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். காய்ந்ததும் அந்த உப்பும் தகட்டிலேயே தங்கி அரிக்கும்.

காவிரிக் குடிநீரைச் செடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் நிரப்பி, தகடு வளையாமல் மெதுவாகக் கழுவினோம். கொஞ்சம் தேறியது. ஆனால் மதியம் மறுபடி நின்றது. அதன் பிறகுதான் கேஸ் பக்கம் வந்தார்.

அந்த 130 பிஎஸ்ஐ பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்-32 அந்த அழுத்தத்தில் கொதிப்பது சுமார் 6, 7 டிகிரியில். ஓடும் ஏசிக்கு அது பழுதே இல்லை. இன்வர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் முள்ளும் ஏறி இறங்கும். ஒரு நொடி நின்ற இடத்தைப் பார்த்து கேஸ் கூட, குறைவு என்று சொல்ல முடியாது. நிறுத்தி வைத்த ஏசியில் மாட்டிக் காட்டினால் இன்னும் மோசம். 35 டிகிரி வெயிலில் உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தால்கூட முள் 300ஐ ஒட்டி நிற்கும். பாதி இருந்தாலும் அதே 300, நிறைய இருந்தாலும் அதே 300. பழைய ஆர்-22 ஏசி என்றால் ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ வழக்கம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு புது ஏசியைத் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றார் மச்சான்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? எடையை. அவுட்டோரின் பக்கவாட்டு பிளேட்டில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 830 கிராம். ராமநாதபுரத்தில் நண்பர் கடையிலிருந்து ரெகவரி மெஷின், வேக்குவம் பம்ப், எடை மெஷின் எல்லாம் வாங்கி வந்து, உள்ளே இருந்ததை முழுக்க ஒரு சிலிண்டருக்கு இழுத்து எடை பார்த்தார். 1,190 கிராம். குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு தடவையில் 360 கிராம் கூடுதலாகத் திணித்திருக்கிறார். கூடுதல் திரவம் வெளி காயிலில் தேங்கி நிற்க, அழுத்தம் ஏறும். கம்ப்ரஸர் அதிக கரண்ட் இழுக்கும். வெயிலில் இன்வர்ட்டர் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கடைசியில் நிறுத்திவிடும். கம்ப்ரஸர் போய்விட்டது என்றாரே, அது இதுதான். கம்ப்ரஸருக்கு ஒன்றுமே இல்லை.

லேபிள் இல்லாத சிலிண்டரில் என்ன இருந்ததோ என்று, எடுத்த கேஸைத் திரும்பப் போடவில்லை. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றி இரவு முழுக்க விட்டார். காலையில் முள் அசையவில்லை. ஒரே ஒரு குறை, கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் பித்தளை மூடியை அந்த ஆள் திரும்ப மாட்டவே இல்லை. கேஜைக் கழற்றிவிட்டுச் சோப்பு நுரை வைத்தால், வால்வுக்குள் இருக்கும் பின் (ஊசி) வழியாக மெல்லக் குமிழி வந்தது. பின்னையும் மூடியையும் மாற்றினோம். அப்புறம் முக்கால் மணி நேரம் வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுப்பது, டிஜிட்டல் கேஜில் 500 மைக்ரானுக்குக் கீழே போகும் வரை. கடற்கரைக் காற்றின் ஈரம் குழாய்க்குள் தங்கினால் கம்ப்ரஸர் ஆயிலைக் கெடுக்கும் என்பதால் இதில் மட்டும் அவசரப்படவே கூடாது என்றார். கடைசியில் புது ஆர்-32, தராசில் வைத்து 830 கிராம். குழாய் நீளமாக இருந்தால் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்குக் கூட்ட வேண்டும். எங்களுக்கு நான்கு மீட்டர்தான், தேவைப்படவில்லை.

என் தப்பும் இருக்கிறது. கம்ப்ரஸர் வாரன்டியில் இருக்கும்போதே ஐந்து நாள் பொறுக்காமல் வெளி ஆளைத் தொடவிட்டேன். பில் கேட்கவில்லை. மூன்று முறையும் கையில் ரொக்கம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யச் சொல்கிறார்கள், எதைக் காட்டிச் செய்வது? ஆகவே வருகிறவரிடம் கேளுங்கள்: ஓட்டை எங்கே, சிலிண்டரில் என்ன கேஸ், தராசு எங்கே, பில் உண்டா. இதில் எதற்கு முகம் சுளித்தாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸைக் கேட்டு நான்கு முறை அலைந்தேன். 2,000 வந்தது. மீதிக்குப் போன் செய்தபோது, "தராசு வெச்சு கேஸ் போடுற ஆளு இந்த ஊர்ல யாரு காக்கா இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மச்சான் துபாய்க்குப் போய்விட்டார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்ப்ரேயரும் ஒரு வாளிக் காவிரித் தண்ணீருமாக இப்போது நான்தான் மாடி ஏறுகிறேன். குடிக்கிற தண்ணியை ஏசிக்கு ஊத்துறியா என்று உம்மா கீழே இருந்து சத்தம் போடுகிறார்.